தேய்த்த சட்டைக்குப் பூஜ்யம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை மட்டும் கிளினிக்கில் நாற்பத்திரண்டு பேர். இருபது பேருக்குச் சளி, பத்துப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் ஆளுக்குப் பத்துக் கேள்வி வேறு கேட்க வேண்டும். குடிப்பீர்களா, வாரத்தில் எத்தனை நாள், உட்கார்ந்தால் எவ்வளவு, தூக்க மாத்திரை உண்டா, உங்களால் யாருக்காவது காயம் பட்டதா. காதுவலி என்று வந்தவரிடமும் இதையே கேட்க வேண்டும், கால் ஆணி என்று வந்தவரிடமும் இதையே கேட்க வேண்டும். கேட்டு மதிப்பெண் போட வேண்டும். எட்டுக்குக் கீழே இருந்தால் போகலாம். எட்டிலிருந்து பதினைந்துவரை என்றால் ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பேச வேண்டும். அதற்கும் மேலே போனால் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுவார்.

ஏழு மாதமாக நடக்கிறது இந்தக் கூத்து. பழக்கம் முற்றுவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டுமாம். பயிற்சி கொடுக்க வந்தவள் அப்படித்தான் சொன்னாள், சிரித்த வாய் மூடாமல். குடிகாரனைக் கண்டுபிடிக்கப் படிவம் எதற்கு? முகத்தில் மூக்கு என்று ஒன்று இருந்தால் போதாதா? குடிக்கிறவன் குடிக்கிறான், குடிக்காதவன் குடிக்கவில்லை. நடுவில் ஒரு ரகம் இருக்கிறது என்று இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இருபத்திமூன்று வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு முகம் தெரியும். அதனால் என் வழி சுருக்கமானது. எட்டரைக்கே வந்துவிடுவேன். அன்றைய பெயர்ப் பட்டியலைப் பார்த்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆள் வருவதற்கு முன்பே படிவத்தை நிரப்பி வைத்துவிடுவேன். தேய்த்த சட்டை போட்டு வருகிறவர்களுக்குப் பூஜ்யம். ஐம்பது தாண்டிய பெண்களுக்குப் பூஜ்யம். டீச்சர்களுக்குக் கேள்வியே வேண்டாம், பூஜ்யம். கீழே ‘நேரில் கேட்கப்பட்டது’ என்று அச்சடித்திருக்கும். அதன் பக்கத்தில் நேரத்தைப் போட்டுக் கையெழுத்து. மூஞ்சியில் ஒரு வாரத் தாடியோடு வருகிறவர்களிடம் மட்டும் கேட்பேன். அதுவும் பெஞ்சில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

பக்கத்து மேஜையில் புதிதாக ஒரு நர்ஸ். தேன்பாட்டில் என்று பெயர் வைத்திருக்கிறேன். பேசினால் அப்படி வழியும்.

மார்ச் 5, புதன்

தேன்பாட்டில் ஒரு லாரி டிரைவரோடு பன்னிரண்டு நிமிடம் பேசினாள். வரிசை வாசல்வரை போய்விட்டது. கடைசியில் அவர் அழுதார். நன்றாக இருக்கிறது. முழங்கால் வலிக்கு வந்த மனுஷனை அழவைத்து அனுப்புவதற்குப் பெயர் வைத்தியம்.

மார்ச் 7, வெள்ளி

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி பெண்டாட்டி வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பஞ்சாயத்து.

“அண்ணி, அவர் மாத்திரைக்கு இங்க வர்றப்ப அந்தக் கேள்வியெல்லாம் கொஞ்சம் கேளுங்களேன். நான் வாயத் தொறந்தா எரிஞ்சு விழுறாரு.”

“எந்தக் கேள்வி?”

“தெனமும் குடிக்கிறாரு அண்ணி. ஸ்கூல் வேன விட்டுட்டு வந்ததும் ஆரம்பிச்சிடுறாரு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். ரோட்டில் விழுந்து கிடந்தானா? உன்னை அடித்தானா? ஒரு நாளாவது வேலைக்குப் போகாமல் இருந்தானா? மூன்றுக்கும் இல்லை என்றாள். “அப்புறம் என்னம்மா? நாள் முழுக்க முப்பது பிள்ளைங்க கத்துறதக் கேட்டுட்டு வர்றான். வீட்டுலயும் நீ கத்தினா மனுஷன் என்ன பண்ணுவான்?” என்றேன். அவள் வந்த வழியே போய்விட்டாள்.

எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டாள். எட்டு வயதில் அம்மாவைத் தின்றுவிட்டு நின்றவனுக்குத் தலைவாரி, புத்தகப் பை மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். அவன் சட்டையில் ஒரு நாள் சுருக்கம் பார்த்திருப்பாளா இவள்? இன்றைக்கும் மடிப்புக் கலையாமல்தான் வேனில் ஏறுகிறான்.

மார்ச் 11, செவ்வாய்

தம்பி ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்தான். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றுநான்கு. சின்ன டாக்டர் கோப்பைப் புரட்டினார். படித்தால் களைப்புத் தெரியாத வயசு, எல்லாவற்றையும் படிப்பார். “குடி இல்ல, சிகரெட் இல்ல. பின்ன ஏன் எறங்க மாட்டேங்குது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். உப்பைக் குறைக்கச் சொன்னார். ஜனவரியில் ஒருமுறை கூட்டிய மாத்திரையை இன்று மறுபடி கூட்டினார். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

கையில் பட்டையைச் சுற்றும்போது தம்பி கேட்டான்: “ஏன்க்கா, எல்லார்கிட்டயும் பத்துக் கேள்வி கேக்குறீங்களாமே. என்ன மட்டும் கேக்கவே மாட்டேங்குற?”

“உன்னக் கேக்க என்னடா இருக்கு? கைய ஆட்டாம வை.”

சிரித்தான். சட்டைக் கையைக் கீழே இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனான். போகிறவன் வாசலில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தான். குடையை மறந்துவிட்டானோ என்று நினைத்தேன்.

மார்ச் 19, புதன்

மாதக் கணக்குப் பார்த்தார்கள். என் மேஜையில் ஆளுக்கு அரை நிமிடம். தேன்பாட்டிலுக்கு ஏழு நிமிடம். மேலிடத்திலிருந்து எனக்குப் பாராட்டு. பெரிய மேதாவிகள்.

மார்ச் 25, செவ்வாய்

 நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்பது பத்துக்குத் தம்பியின் முறை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வருவதாகச் சொல்லியிருந்தான். வழக்கம்போல் எட்டரைக்கே அவன் படிவத்தை முடித்து வைத்திருந்தேன். அவன் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஒரு பெண் ஓடி வந்தாள், இடுப்பில் ஏழு வயசுப் பிள்ளை. பிள்ளையின் வாயில் துணி, துணியெல்லாம் ரத்தம்.

மேலுதடு கிழிந்திருந்தது. சின்ன டாக்டர் தையல் போட்டார். முகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டது நான். பேச்சுக் கொடுத்தால் பிள்ளை வலியை மறக்கும் என்று, எங்கே விழுந்தாய் என்று கேட்டேன்.

“விழல சிஸ்டர். ஸ்கூல் வேன். கேட்டுச் சுவத்துல கொண்டுபோய் மோதிட்டாரு” என்றாள் அம்மா. “மத்த பிள்ளைங்க எல்லாம் எறங்கிடுச்சு. இவ தண்ணி பாட்டிலத் தேடிக்கிட்டு உள்ளயே இருந்திருக்கா.”

“எந்த வேன்?”

“மூணாம் நம்பர்.”

மூன்றாம் நம்பர் என் தம்பி ஓட்டுவது.

நான் முகத்தை விடவில்லை. விட்டால் ஊசி தவறிவிடும். இரண்டாவது தையல் போட்டு டாக்டர் கத்தரியை எடுத்தபோது அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துத் தானாகவே சொன்னது: “அங்கிள் தூங்கிட்டாரு.”

மேஜைக்குத் திரும்பி வந்தால் படிவம் அப்படியே இருக்கிறது. நேரம் ஒன்பது பத்து. பத்துக் கேள்விக்கும் பூஜ்யம். நேரில் கேட்கப்பட்டது. என் கையெழுத்து, சுழித்துச் சுழித்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி. ஒன்பது பத்துக்கு அவன் சுவரில் இருந்திருக்கிறான்.

கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன்? தெரியலை. ஒன்னுமே தெரியலை எனக்கு.

மார்ச் 26, புதன்

தம்பி வீட்டுக்குப் போனேன். நெற்றியில் வீக்கம், வேறொன்றும் இல்லை. காலையில் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறான். நம்புகிறேன். முந்தின நாள் குடித்தது போதாதா? அதோடு கூட்டிக் கொடுத்த மாத்திரை. ஒரு வாரமாகவே எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதாம், உட்கார்ந்தால் கண்ணைக் கட்டுகிறதாம். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். “யாருகிட்டச் சொல்றது?” என்றான். என் முகத்துக்கு நேராக.

வேன் முதலாளி வேலையைவிட்டு இன்னும் எடுக்கவில்லை. குடிப்பழக்கம் கிடையாது என்று கிளினிக்கிலிருந்து கடிதம் கேட்டிருக்கிறார். கடிதம் கொண்டுபோனால் அடுத்த வாரமே வேனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

“உன் பேப்பர் ஏழு மாசமா கோப்புல இருக்கேக்கா. எல்லாம் பூஜ்யம். டாக்டர் அதப் பாத்து ரெண்டு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். நீ ஒன்னும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.”

சும்மா இருப்பதில் நான் கெட்டிக்காரி என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த அவன் பெண்டாட்டி பேசினாள். “வேல போனா போகட்டும் அண்ணி. ஆள் இருக்கணும். அது பிள்ளைங்க ஏறுற வண்டி.” அவன் கத்தினான். அவள் நகரவில்லை. அன்றைக்கு நான் சோற்றைப் பிசைந்துகொண்டே விரட்டிவிட்டேனே, அதை அவள் ஒரு சொல்லாலும் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசிவிட்டுக் கோபமாகக் கிளம்பி வந்திருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். அவன் விஷயத்தில் நான் யோசித்ததாக அவனுக்கு நினைவே இல்லை.

மார்ச் 27, வியாழன்

இவர் காலையில் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் அறிவுரை சொன்னார்: “உனக்கெதுக்கு வம்பு? டாக்டர்தானே எழுதப்போறாரு.” முப்பது வருஷத்தில் இவர் ஒரு வம்பிலும் மாட்டியதில்லை. எதிலாவது கையை வைத்தால்தானே மாட்டுவதற்கு!

பதினொரு மணிக்குச் சின்ன டாக்டர் கடிதத்தாளை எடுத்தார். தம்பியின் கோப்பைத் திறந்து படிவங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். “சிஸ்டர், உங்க தம்பி என்னவிட யோக்கியமான ஆளு” என்று சிரித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். பொய். ரொம்பச் சுலபம். யாரும் சோற்றைக் கிளறிப் பார்ப்பதில்லை. நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். திங்கட்கிழமை காலை அவன் மூன்றாம் நம்பர் வேனில் ஏறுவான். பின்னால் முப்பது பிள்ளைகள்.

“டாக்டர், அதெல்லாம் நான் எழுதினது.”

“தெரியுதே. உங்க கையெழுத்துதான்.”

“இல்ல டாக்டர். கேக்காம எழுதினது. ஏழு மாசமா ஒரு தடவகூட அவனக் கேட்டதில்ல.” பையிலிருந்து அந்தக் கிழிந்த படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒட்டவைத்துப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். என் அனுபவத்தின் வயசு அவருக்கு. அவர் திட்டவில்லை. ரத்த அழுத்த அட்டையை இழுத்து, ஜனவரியில் விரலை வைத்தார். மார்ச்சில் வைத்தார். “ரெண்டு தடவ கூட்டிட்டேன்” என்றார். அவ்வளவுதான். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் எழுதிய மருந்து அது. அவரை எழுதவைத்தது என் பூஜ்யம்.

அட்டையை மூடிவிட்டுக் கேட்டார்: “எத்தன பேருக்கு இப்படி?”

“எல்லாருக்கும் இல்ல டாக்டர். தேய்ச்ச சட்டை போட்டு வர்றவங்களுக்கு மட்டும்.”

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

கடிதம் எழுதவில்லை. கடிதத்தாளைத் திரும்ப உள்ளே வைத்தார்.

மார்ச் 28, வெள்ளி

“நீயெல்லாம் ஒரு அக்காவா?” என்று போனில் கேட்டான். உடனே வைத்துவிட்டான்.

ஏப்ரல் 3, வியாழன்

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைவிட மோசம். தேன்பாட்டிலின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அவள் எப்படிக் கேட்கிறாள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நான் நர்ஸாகச் சேர்ந்த வருஷம் இவள் தொட்டிலில் கிடந்திருப்பாள். காலையில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஊரையே முகத்தை வைத்து எடைபோட்டவளுக்கு இது வேண்டியதுதான்.

அவள் வித்தை என்ன என்று பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். நானாக இருந்தால், “அதெல்லாம் இல்லையே?” என்று பதிலையும் சேர்த்தே கொடுத்திருப்பேன். அவள் காத்திருக்கிறாள். எதிரே இருக்கிறவர் இல்லை என்கிறார். அவள் பேனாவைத் தூக்குவதில்லை. ஐந்தாறு நொடி. அதற்குள் அவருக்கே பொறுக்காமல், “எப்பவாவது…” என்று ஆரம்பிக்கிறார். அந்த ஐந்தாறு நொடி எனக்கு வேர்க்கிறது.

தேன் என்று நான் நினைத்தது தேன்கூட இல்லை. அவள் யாரையும் பாராட்டுவதும் இல்லை, பரிதாபப்படுவதும் இல்லை. “இதக் கொஞ்சம் கொறைக்கலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?” என்று, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்கிறாள். இதற்குத்தான் ஐந்து நிமிடம். இதைத்தான் கூத்து என்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தம்பி வந்தான். அவன் பெண்டாட்டி பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவனை உட்காரவைத்துவிட்டுத் தேன்பாட்டில் என்னிடம் சொன்னாள்: “அக்கா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. சொந்தக்காரங்க இருந்தா பேச மாட்டாங்க.” இந்தக் கிளினிக்கில் என்னை வெளியே இருக்கச் சொன்ன முதல் ஆள். இருந்தேன். நோயாளிகளோடு பெஞ்சில்.

இருபது நிமிடம் ஆனது.

கோப்புகளை அடுக்குவது என் வேலை. பார்க்காமல் அடுக்க நான் என்ன முனிவரா? தம்பிக்குப் பதின்மூன்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய அளவுக்கு இல்லை, சும்மா போகவிடும் அளவுக்கும் இல்லை. நடு. அப்படி ஒரு ரகமே கிடையாது என்று நான் சாதித்தேனே, அந்த நடுவில் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான். எத்தனை காலமாகவோ தெரியவில்லை.

‘உங்களால் யாருக்காவது காயம் பட்டதா’ என்ற கேள்விக்கு நான்கு. அந்தப் பிள்ளையின் உதடு. அதைக் கழித்தால் ஒன்பது. ஏழு மாதத்துக்கு முன்பு நான் கேட்டிருந்தால் ஒன்பதுதான் வந்திருக்கும். ஒன்பது என்றால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் மிச்சப்படுத்தினேன். அதற்குத்தான் பாராட்டும் வாங்கினேன்.

என்ன ஏன் கேக்கலன்னு அவனே கேட்டானேடீ. சட்டைக் கையத் தூக்கிவிட்டுக்கிட்டு, எதிர்ல உக்காந்து, அவனே கேட்டான். குடையத் தேடினேன் நான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

என் பூஜ்யக்காரர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி கேட்கிறேன். மொத்தம் நூற்று அறுபத்துமூன்று பேர். இதுவரை தொண்ணூறு முடிந்தது. அதில் பதினேழு பேர் பூஜ்யம் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் புடவை கட்டுகிறவர், தினமும் நான்கு தூக்க மாத்திரை விழுங்குகிறார். இரண்டு வருஷமாக. டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒன்று. மீதி மூன்று எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை, வாயை மூடிக்கொண்டேன். அவரே சொன்னார். சொல்லி முடித்ததும், “நீங்க ஏம்மா இத முன்னாடியே கேக்கல?” என்று வகுப்பறைக் குரலில் அதட்டினார். நின்றுகொண்டே பதில் சொன்னேன்.

மார்ச் முழுக்க மூக்கு விடைத்துக்கொண்டு பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டவளைப் பார்த்தால் இப்போது கன்னத்தில் அறையலாம் போலிருக்கிறது. என்ன ஒரு திமிர். என்ன ஒரு முட்டாள்.

மே 13, செவ்வாய்

வேன் வேலை போனது போனதுதான். அதே முதலாளியின் ஷெட்டில் வண்டி கழுவுகிறானாம். இன்று மாத்திரைக்கு வந்தவன் என் மேஜையைக் கடந்து தேன்பாட்டிலிடம் போனான். நான் பெஞ்சில் இருந்த கிழவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். “வலிக்குதும்மா” என்றார். ஊசியைக் கோணலாகக் குத்தியிருக்கிறேன்.

மே 30, வெள்ளி

தம்பி பெண்டாட்டி பேசினாள். மாத்திரையைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டார்களாம். தலை சுற்றுவது நின்றுவிட்டதாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வைக்கும்போது, “சாப்டீங்களா அண்ணி?” என்றாள். இந்தக் கேள்விக்கு நான் தகுதியானவளா என்று தெரியவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

தேன்பாட்டிலுக்குக் காய்ச்சல், வரவில்லை. இரண்டு பேர் வரிசையும் எனக்கே. பட்டியலில் பன்னிரண்டாவதாக அவன் பெயர்.

பெஞ்சிலிருந்து எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டதும் ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு வந்து எதிரே உட்கார்ந்தான். சட்டையில் கிரீஸ் கறை. என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தான். பட்டையைச் சுற்றினேன். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு. அட்டையில் எழுதினேன்.

மறுமுறை வருகிறவர்களுக்கான படிவத்தை எடுத்தேன். சொந்தக்காரி கேட்கக்கூடாது, நாளைக்குத் தேன்பாட்டிலிடம் வரச் சொல்லலாம், அதுதான் முறை. அதையும் சொன்னேன். “நாளைக்கு ஷெட்ல லீவு தர மாட்டாங்க. கேளு” என்றான். இரண்டரை மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அந்தக் காகிதத்தில் இருப்பதை ஒரு எழுத்துக் கூட்டாமல், குறைக்காமல் படித்தேன். “போன மாதத்தில் நீங்கள் எத்தனை தடவை குடித்தீர்கள்?” படிவத்தில் ‘நீங்கள்’ என்று இருந்தது. அவனை வாழ்நாளில் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“இல்ல” என்றான்.

பேனா கையில் இருந்தது. பூஜ்யத்தை எழுத அதற்கு வழி தெரியும். நான் எழுதவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. இனி முகத்தை நம்புவதாக இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் யாரோ இருமினார்கள். இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நான் என் தம்பியின் எதிரே உட்கார்ந்ததே கிடையாது.

“ஒரு தடவ” என்றான். “மொத ஞாயித்துக்கிழம. வீட்ல அவளுக்குக்கூடத் தெரியாது.” கொஞ்சம் பொறுத்து, “எழுதிக்கக்கா” என்றான்.

ஒன்று என்று எழுதினேன்.